பேர் சொன்னால்தான் தண்ணீர்

ரயிலில் போகிறவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் சும்மா கொடுக்க வேண்டுமா, இல்லை அவரவர் வாங்கிக்கொள்ள வேண்டியதுதானா என்று போன மாதம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பெரிய தர்க்கம் நடந்தது. கொடுத்தே ஆக வேண்டும் என்பது மருமகன் கட்சி. இன்றைக்குத் தண்ணீர் கேட்கிறவன் நாளைக்குச் சாப்பிட நாசி லெமாக் கேட்பான் என்பது மகள் கட்சி. இரண்டு பேருக்கும் தொண்டை வறண்ட பிறகு என்னிடம் வந்தார்கள். "அத்தை, நீங்க ஸ்டேஷன் கோட்டர்ஸ்ல வளந்தவங்க, நீங்க சொல்லுங்க லா" என்றார் மருமகன். தலை வலிக்கிறது என்று எழுந்து போய்ப் படுத்துக்கொண்டேன். தண்ணீரைச் சும்மா கொடுத்து நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அது சரியா தப்பா என்று இத்தனை வயதாகியும் என்னால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

மலாயாவில், கெடா மாநிலத்துப் பீடோங்குக்கு வடக்கே, நாலு பக்கமும் ரப்பர் மரங்கள் சூழ்ந்த சின்ன ஸ்டேஷன் அது. அப்பாவுக்கு அங்கே பம்பு வேலை. பக்கத்து ஆற்றிலிருந்து தண்ணீரை ஏற்றி, இரும்புக் கால்களில் நிற்கும் தொட்டியை நிரப்பி வைப்பார். எஞ்சின் வந்து அதனடியில் நின்று வயிறு முட்டக் குடித்துவிட்டுப் போகும். அது குடிப்பதை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. வெள்ளைக்காரன் காலத்தில் பயணிகளுக்கென்று பிளாட்பாரத்தில் ஒரு மண்பானையும் சங்கிலி போட்டுக் கட்டிய தகரக் குவளையும் இருந்தன. ஜப்பான்காரன் வந்த சில மாதங்களில் பானை உடைந்தது. குவளையைச் சங்கிலியோடு யாரோ கொண்டு போய்விட்டார்கள். ஸ்டேஷனுக்குப் புதிதாக வந்த ஜப்பானிய அதிகாரி, தொட்டித் தண்ணீர் எஞ்சினுக்கு மட்டும்தான் என்று உத்தரவு போட்டார். எஞ்சினுக்குச் சும்மா கொடுக்கிற தண்ணீரை அதன் பின்னால் உட்கார்ந்து வருகிற மனுஷருக்கு ஏன் கொடுக்கக் கூடாது என்று அப்பாவைக் கேட்டேன். "எஞ்சினுக்குக் கேக்க வாயில்ல, அதான் குடுக்குறாங்க" என்றார். அவர் விளையாட்டுக்குச் சொன்னாரா, நிஜமாகச் சொன்னாரா என்று தெரியாமல் ரொம்ப நாள் யோசித்தேன்.

அந்த ரயில்கள் வர ஆரம்பித்தபோது எனக்கு ஒன்பது வயது. ஆடுமாடும் மூட்டையும் ஏற்றுகிற கூட்ஸ் பெட்டிகளில் ஆட்களை ஏற்றிக்கொண்டு தெற்கிலிருந்து வரும். எல்லாரும் ரப்பர் தோட்டத்து ஆட்கள், பெரும்பாலும் நம் ஆட்கள். சயாமில் ரயில் ரோடு போடப் போகிறார்கள், மூன்று மாதத்தில் திரும்பிவிடுவார்கள் என்று சொன்னார்கள். இதற்கிடையில் கெடாவையே ஜப்பான்காரன் சயாமுக்குக் கொடுத்துவிட்டான் என்று ஒருநாள் பேச்சு வந்தது. ஸ்டேஷனிலும் சயாம் கொடி ஏறியது. இங்கேயே சயாம் வந்துவிட்டதென்றால் இவர்கள் ஏன் இறங்காமல் இன்னும் போய்க்கொண்டே இருக்கிறார்கள்? அம்மாவைக் கேட்டேன். "வாய மூடிக்கிட்டு மரவள்ளிக் கிழங்க உரி" என்றாள். அந்தக் காலத்தில் பெரியவர்கள் பதில் தெரியாத கேள்விக்கெல்லாம் என்னைக் கிழங்கு உரிக்கச் சொன்னார்கள். கிழங்குக்கு மட்டும் பஞ்சமில்லை.

நிலக்கரி கிடைக்காமல் எஞ்சின்கள் விறகில் ஓடிய காலம். எங்கள் ஸ்டேஷனில் விறகும் ஏற்றி, தண்ணீரும் பிடித்துக்கொண்டு ரயில் புறப்பட வெகு நேரமாகும். காவலுக்கு வந்த சிப்பாய்கள் தொட்டிக் குழாயடியில் குளிப்பார்கள். பெட்டிகளுக்குள்ளிருந்து தண்ணீர் தண்ணீர் என்று ஒரே சத்தமாக இருக்கும். அப்பா ஒருநாள் அதிகாரியின் முன்னால் போய் இடுப்பு வளையக் கும்பிடு போட்டு, தனக்குத் தெரிந்த ஒரே ஜப்பானியச் சொல்லை, தண்ணீர் என்பதை, வைத்துக்கொண்டு "மிசு, மிசு" என்று எங்கள் வீட்டுக் கிணற்றையும் பெட்டிகளையும் மாறி மாறிக் காட்டினார். தொட்டித் தண்ணீர் இல்லை, கிணற்றுத் தண்ணீர் என்று விளங்கியதும் அதிகாரி தலையை ஆட்டிவிட்டார். அன்றிலிருந்து ரயில் வந்தால் எங்கள் வீட்டு வாளிகள் எல்லாம் தண்டவாளத்தோரம் போய்விடும். அப்பா பம்பை விட்டு நகர முடியாது. அம்மாவிடம் கைக்குழந்தையாகத் தம்பி. ஆகவே தண்ணீர் கொடுப்பது சித்தியும் நானும்தான்.

சித்தி, அம்மாவின் தங்கை. கூலிம் பக்கம் ஒரு தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். சித்தப்பா ஒருநாள் காலையில் அரிசி வாங்கி வருகிறேன் என்று கூலிமுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. பசாரில் சாமான் வாங்க நின்றவர்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று சிலர் சொன்னார்கள். அதெல்லாம் இல்லை, பினாங்குப் பக்கம் ஒருத்தியோடு பார்த்தோம் என்று வேறு சிலர் சொன்னார்கள். மாமியார் வீட்டில் இரண்டாவதை நம்பினார்கள். பொண்டாட்டி வாய் நீளம், அதுதான் மகன் ஓடிவிட்டான் என்று சொல்லிச் சோறு போடுவதை நிறுத்திவிட்டார்கள். சித்தி ஒரு தகரப்பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அரிசி கிடைக்காததால் வெட்கப்பட்டுக்கொண்டு சித்தப்பா வராமல் இருக்கிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அரிசி அப்போது எங்கேயும் கிடைக்கவில்லை.

சித்தி தண்ணீர் கொடுக்கிற விதத்தில்தான் எனக்கு வந்தது வில்லங்கம். தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீரை மொண்டு நீட்டுவாள். ஆனால் உடனே விடமாட்டாள். "பேரு? எந்தத் தோட்டம்?" என்று கேட்பாள். சொன்ன பிறகுதான் சிரட்டை அவள் கையை விட்டுப் போகும். வாங்கியவன் குடிக்கிற நேரத்தில், கழுத்தில் கயிறு போட்டுத் தொங்கவிட்டிருந்த என் பள்ளிக்கூடத்துச் சிலேட்டில் எதையோ கிறுக்குவாள். எத்தனை தாகத்தில் தவித்தாலும் பேர் சொன்னால்தான் தண்ணீர். சிலேட்டு போனதில் எனக்கு ஒரு கோபம் ஏற்கெனவே இருந்தது. அதைவிட, இவள் செய்வதைப் பார்த்து எனக்கு அவமானமாக இருந்தது.

அதற்குக் காரணம் அப்பாதான். ஜப்பான்காரன் சண்டைக்கு முன்னால், சித்ரா பௌர்ணமிக்குத் தோட்டத்துக் கோயிலில் தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள். ஒரு வருஷம் பந்தலில் மோர் ஊற்ற நின்ற ஒருவர், வந்தவர்களிடம் பேரென்ன, அப்பன் பேரென்ன, இந்தியாவில் எந்த ஊர் என்று விசாரித்து, சிலருக்குக் குவளையிலும் சிலருக்குக் கையிலுமாக ஊற்றினார். அப்பா போய் அவர் கையிலிருந்த அகப்பையைப் பிடுங்கிவிட்டார். பெரிய சண்டையாகிவிட்டது. "தாகத்துக்கு வந்தவன்கிட்ட பேரும் ஊரும் கேக்குறவன் தண்ணி குடுக்க வரல, சாதி பாக்க வந்திருக்கான்" என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினார். இந்த வசனம் எனக்கு மனப்பாடம். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக் காட்டி நல்ல பேர் வாங்கியிருக்கிறேன். இப்போது சொந்தச் சித்தியே ரயில் ரயிலாகச் சாதி விசாரிக்கிறாள், அப்பா பம்படியில் நின்று பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்கிறார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

சித்தியிடமே கேட்டேன். "எதுக்கு சித்தி பேரு கேக்குறீங்க?" அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். "நம்ம ஊருக்காரங்க யாராச்சும் இருக்காங்களான்னு பாக்குறேன். நீ வாளியத் தூக்கு" என்றாள். சரிதான், அவளே ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று முடிவுகட்டினேன். சயாமுக்குப் போகிறவர்களின் பேரை ஒரு பெண்பிள்ளை எழுதிவைக்கிறாள் என்று ஜப்பான்காரன் காதுக்குப் போனால் என்ன ஆகும் என்பதை ஒன்பது வயதுப் பிள்ளையிடம் சொல்ல முடியாதல்லவா? சொல்லியிருந்தால் நான் ஊரெல்லாம் சொல்லியிருப்பேன்.

பெட்டியிலிருந்தவர்கள் பலவிதம். பொம்பளைப் பிள்ளை பேர் கேட்கிறதே என்று சிலர் கூச்சப்பட்டார்கள். ஒருத்தன் "பேரு, தோட்டம் எல்லாம் கேக்குறியே தங்கச்சி, பொண்ணு குடுக்கப் போறியா?" என்று கிண்டல் செய்தான். பெட்டியே சிரித்தது. சித்தியும் சிரித்துக்கொண்டு, "பேரச் சொல்லுங்கண்ணே, பொண்ணு அப்புறம் பாக்கலாம்" என்றாள். அவனும் சொன்னான். பிறகு அவள் சித்தப்பாவின் பேரையும் அடையாளத்தையும் சொல்லி, பார்த்தீர்களா என்று ஒவ்வொரு பெட்டியிலும் கேட்பாள். யாரும் பார்த்ததில்லை.

ஒருநாள் நரைத்த தலைக்காரர் ஒருவர் சிரட்டையைப் பிடித்த கையை அப்படியே நிறுத்தினார். சித்தி பேரைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. "கடல் தாண்டி வந்து, இப்ப சாகப் போற ரயில்லயும் தண்ணிக்குச் சாதி கேக்குறீங்களாம்மா?" என்று சொல்லிச் சிரட்டையை விட்டுக் கையை எடுத்துவிட்டார். சித்தி "ஐயோ பெரியவரே, அது இல்ல" என்றாள். அவர் உள்ளே நகர்ந்துவிட்டார். இருட்டுக்குள் அவர் எங்கே போனார் என்று தெரியவில்லை. சித்தி சிரட்டையை ஏந்திக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அடுத்த ரயிலில் நான் என்ன செய்ய வேண்டும் என்பதை அந்த இடத்திலேயே தீர்மானித்துவிட்டேன்.

அடுத்த ரயில் நாலைந்து நாளில் வந்தது. சித்தி எஞ்சின் பக்கத்திலிருந்து ஆரம்பித்து வழக்கம்போல் பேர் கேட்டுக்கொண்டு வந்தாள். நான் சின்ன வாளியை நிரப்பிக்கொண்டு, ஒரு சிரட்டையும் எடுத்துக்கொண்டு, அவளுக்குத் தெரியாமல் வாலில் இருந்த கடைசிப் பெட்டிக்குப் போனேன். கதவை ஓர் ஆள் நுழைகிற அளவுக்குத்தான் திறந்து வைத்திருந்தார்கள். நான் கீழே ஜல்லியில் நிற்கிறேன். பெட்டியின் தரை என் தலைக்கு மேலே. உள்ளே ஒரே இருட்டு. எனக்குக் கைகள்தான் தெரிந்தன. நான் எக்கி எக்கிச் சிரட்டையை நீட்டினேன். ஒரு கை வாங்கும், காலிச் சிரட்டையோடு வேறொரு கை திரும்பி வரும். வாளி காலியாகக் காலியாக ஓடிப்போய் நிரப்பிக்கொண்டு வந்தேன். நாலு நடை நடந்தேன்.

முன் பெட்டிகளில் பேர் கேட்பது இவர்களுக்கும் தெரிந்திருந்தது. "பாப்பா, அங்க பேரு எழுதுறாங்களாமே, எம்பேரையும் எழுதிக்க" என்று ஒரு குரல் வந்தது.

"நாங்க சாதியெல்லாம் பாக்க மாட்டோம்ணே. சும்மா குடிங்க" என்றேன், பந்தலில் அப்பா நின்ற மாதிரி நிமிர்ந்து நின்றுகொண்டு.

"சாதி இல்லம்மா, பேரு. எம்பேரு வந்து..."

"பேரும் வேணாம், ஊரும் வேணாம்ணே! தண்ணிக்குப் பேரு கேக்கக் கூடாதுன்னு எங்கப்பா சொல்லிருக்காரு."

உள்ளே யாரோ சிரித்தார்கள். "புள்ள நல்லா வளந்திருக்கு" என்றது ஒரு வயதான குரல். ஈரக் கை ஒன்று கீழே நீண்டு என் தலையைத் தடவிவிட்டு உள்ளே போனது. என் வாழ்நாளில் அவ்வளவு பெருமையாக நான் அதற்கு முன்னாலும் நின்றதில்லை, பின்னாலும் நின்றதில்லை.

எஞ்சின் ஊதியது. சித்தி வாளியும் சிலேட்டுமாக மூச்சிரைக்க ஓடி வந்தாள். "கடைசிப் பெட்டிக்குக் குடுத்தாச்சா?" என்றாள். எல்லாருக்கும் கொடுத்துவிட்டேன் என்றேன். "பேரு?" என்றாள். "கேக்கல சித்தி" என்றேன். நான் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். சித்தி என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. என்னை ஒதுக்கித் தள்ளிவிட்டு, நகர ஆரம்பித்த பெட்டியோடு ஜல்லியில் ஓடினாள். "பேரச் சொல்லுங்க! பேரச் சொல்லுங்கண்ணே!" என்று கத்திக்கொண்டே ஓடினாள். பெட்டிக்குள்ளிருந்து எல்லாரும் ஒரே சமயத்தில் தங்கள் பேரைக் கத்தினார்கள். சக்கரச் சத்தத்தோடு அது ஒரே இரைச்சலாக வந்ததே தவிர, அதில் ஒரு பேர்கூடத் தனியாகக் காதில் விழவில்லை. பிளாட்பாரம் முடிகிற இடத்தில் சித்தி தடுக்கி விழுந்தாள். சிலேட்டு இரண்டாக உடைந்துவிட்டது. உண்மையைச் சொன்னால், சித்தியின் முழங்காலில் வழிந்த இரத்தத்தைவிட என் சிலேட்டைப் பார்த்துத்தான் எனக்கு முதலில் அழுகை வந்தது.

சாயங்காலம் அப்பாவிடம் போய், "நான் இன்னிக்கு யாருகிட்டயும் பேரு கேக்கலப்பா" என்றேன். அவராவது தட்டிக்கொடுப்பார் என்று நினைத்தேன். அவர் "நல்ல புள்ள" என்றார். ஆனால் நல்ல பிள்ளையைப் பார்த்துச் சொல்கிற குரலாக அது இல்லை. எழுந்து பம்படிக்குப் போய்விட்டார். சித்தி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் எனக்குத் தலை வாரிவிடும்போது, "இனிமே கேக்கணும். எதுக்குன்னு என்னைக் கேக்காத. ஆனா அவங்க பேரக் கேக்கணும்" என்றாள். அதன் பிறகு நானும் கேட்டேன். ஆனால் ரயில்கள் குறைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் நின்றுவிட்டன.

சிலேட்டில் எழுதியதையெல்லாம் சித்தி இரவல் பென்சிலால், அப்பா வைத்திருந்த வெள்ளைக்காரன் காலத்து ஸ்டேஷன் தாள்களின் பின்பக்கத்தில் எழுதி, ஒரு பால்மாவு டின்னில் போட்டு மூடிக் கூரைச் சட்டத்தில் சொருகி வைத்திருந்தாள் என்பது ஜப்பான்காரன் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. சயாமிலிருந்து திரும்பி வந்தவர்கள் ரொம்பக் கொஞ்சம். வந்தவர்களும் எலும்பும் தோலுமாக வந்தார்கள். காலராவில் கொத்துக் கொத்தாகப் போனதையும், மழையில் சடலங்களைக் குவித்து எரித்ததையும் அவர்கள் சொன்னார்கள். யார் யார் போனார்கள், யார் யார் செத்தார்கள் என்று கேட்டால் அவர்களுக்குத் தெரியவில்லை. சடக்கில் நடந்து போனவனையும், பசாருக்கு வந்தவனையும், இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டதை நம்பி வந்தவனையும் பிடித்து லாரியில் ஏற்றினால் யார் பேர் எழுதியிருப்பார்கள்? பீடோங் பக்கம் ஸ்டேஷனில் ஒரு பொம்பளை பேரெல்லாம் எழுதி வைத்திருக்கிறாளாம் என்ற செய்தி எப்படியோ தோட்டம் தோட்டமாகப் பரவியது.

பெண்கள் வந்தார்கள். நடந்து வந்தார்கள், மாட்டுவண்டியில் வந்தார்கள், சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்தார்கள். புருஷன் பேரைச் சொல்லாத பெண்கள், மகனை விட்டுச் சொல்லவைத்தார்கள், இல்லாவிட்டால் என் காதில் கிசுகிசுத்தார்கள். சித்தி டின்னைத் திறந்து தாள்களை மடியில் போட்டுக்கொண்டு விரலால் தடவித் தடவித் தேடுவாள். இருந்தால், "இருக்காரு" என்று அந்த வரியைக் காட்டுவாள். படிக்கத் தெரியாத பெண்களும் அந்த வரியைத் தொட்டுப் பார்ப்பார்கள். தொட்டுவிட்டு அழுவார்கள். பேர் இல்லாதவர்களும் அழுதார்கள். இருந்தாலும் அழுகை, இல்லாவிட்டாலும் அழுகை என்றால் இவர்கள் எதைத் தேடி வருகிறார்கள் என்று எனக்குத் தலை சுற்றியது.

கூலிமிலிருந்து இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண் வந்தாள். அவள் புருஷன் பேர் தாள்களில் இல்லை. சித்தி இரண்டு தடவை தேடினாள். அந்தப் பெண்ணைப் பார்த்தால் பாவமாக இருந்தது. நான் முந்திக்கொண்டு, "பேரு இல்லன்னா நல்லதுதான அக்கா! அப்ப அவரு சயாமுக்கே போகல. எங்கயாச்சும் உயிரோட இருப்பாரு" என்றேன். நல்ல செய்தி சொன்ன சந்தோஷத்தில் அவளைப் பார்த்துச் சிரித்தேன். அவள் முகம் அப்படியே செத்துப்போயிற்று.

"அப்ப கங்காணி சொன்னது நெசந்தானா?" என்றாள், சித்தியைப் பார்த்து. "என்னையும் புள்ளையையும் விட்டுட்டு ஒருத்தியோட ஓடிட்டாருன்னு லயத்து வீடுகள்ல எல்லாரும் சொல்றாங்க. நான்தான் நம்பல."

சித்தி டின்னின் மூடியை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். எனக்குத் தாங்க முடியவில்லை. "அக்கா, ஒரு பெட்டியில நான் பேரு கேக்காம தண்ணி குடுத்துட்டேன். அதுல இருந்தவங்க பேரு இதுல இல்ல" என்று உளறிவிட்டேன். செய்த குற்றத்தைத்தான் ஒப்புக்கொண்டேன். அந்தப் பெண் பிள்ளையை இறக்கிவிட்டு என் தோள் இரண்டையும் பிடித்துக்கொண்டாள். எந்தப் பெட்டி, எந்த மாதம், ஆள் எப்படி என்று கேட்டாள். இருட்டில் கைதான் தெரிந்தது என்றேன். "கை பெருசா இருந்துச்சா? காப்பு காச்சிருந்துச்சா?" என்றாள். ரப்பர்ப் பால் வெட்டுகிறவர்கள் கை பெரிதாகத்தான் இருக்கும், காய்த்துத்தான் இருக்கும். ஆமாம் என்றேன். "குடிச்சாரா?" என்றாள். "ரெண்டு சிரட்டை" என்றேன்.

அவள் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். ஆனால் போகும்போது அவள் வந்த மாதிரி போகவில்லை. முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்து நடந்தாள். அவர் ஓடவில்லை, ரயிலில்தான் போனார் என்று தன் லயத்தில் சொல்லப் போகிறாள். ரயிலில் போனவர்கள் செத்துவிட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஓடிப்போனால் உயிரோடிருப்பார். உயிரோடிருப்பதைவிட ரயிலில் இருந்தது ஏன் நல்ல செய்தியாயிற்று என்று நான் எத்தனை யோசித்தும் விளங்கவில்லை.

அதற்கப்புறம் தாளில் பேரில்லாதவர்கள் எல்லாரும் என் பெட்டியில் ஏறிவிட்டார்கள். கூலிம்காரி போய்ச் சொல்லியிருக்க வேண்டும். வருகிறவர்கள் முதலில் டின்னைக் கேட்டார்கள், பிறகு என்னைக் கேட்டார்கள். அந்தப் பெட்டியில் முப்பது பேர் இருந்திருந்தால் அதிகம். நான் தண்ணீர் கொடுத்தவர்கள் நூறைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். நானும் தாராளமாகிவிட்டேன். உயரமான ஆள் என்று சொன்னால் மூன்று சிரட்டை கொடுத்தேன். ஒருவர் என் தலையைத் தடவினார் என்று சொல்லிவைத்தேன், அது மட்டும் நிஜம். அந்தக் கையை எத்தனை பெண்கள் தங்கள் வீட்டுக் கை என்று கொண்டு போனார்கள் என்று எனக்கு நினைவில்லை. சித்தி பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள். ஆமாம் என்றும் சொல்லமாட்டாள், இல்லை என்றும் சொல்லமாட்டாள்.

வருகிறவர்கள் குறைந்துபோன ஒரு மத்தியானம், கிணற்றடியில் சித்தி துணி அலசிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தம்பியின் துணியைப் பிழிந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். சித்தி தலை நிமிராமல், "அந்தக் கடைசிப் பெட்டி..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். பிறகு, "உங்க சித்தப்பாவுக்குக் கை நீளமா இருக்கும். நெனவு இருக்கா?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மற்றவர்கள் தெரியாமல் கேட்கிறார்கள், சித்திக்குமா தெரியாது? "சித்தப்பா அதுல எப்படி சித்தி இருப்பாரு? நான் எவ்வளவு பேசுனேன்! அவருக்கு என் குரல் தெரியாதா? இருந்தா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருப்பாரே" என்றேன்.

சித்தியின் கை தண்ணீருக்குள்ளேயே நின்றது. "ஆமா" என்றாள். "கூப்பிட்டிருப்பாரு." அப்புறம் மிச்சத் துணியை அலசி முடித்தாள். கேட்ட கேள்விக்கு ஒரு பொய்யும் கலக்காமல் பதில் சொன்னது எனக்கே திருப்தியாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து, வயதான ஒரு பெண் தன் புருஷனைத் தேடிக்கொண்டு வந்தாள். சித்தி டின்னைத் திறந்து ஒவ்வொரு தாளாகப் பார்த்தாள். பேர் இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் சித்தியே, "இதுல இல்லக்கா. ஆனா கடைசிப் பெட்டியில இருந்தாரு. எங்க புள்ளதான் தண்ணி குடுத்துச்சு" என்றாள். அதற்கு முன் ஒருநாளும் சித்தி அப்படிச் சொன்னதில்லை. அந்தப் பெண் என் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். நான் சிரட்டைக் கணக்கைச் சொல்லத் தயாராக நின்றேன். திரும்பிப் பார்த்தால், சித்தி டின்னை மடியில் வைத்துக்கொண்டு, தண்டவாளத்தைப் பார்த்தபடி தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள். வந்தவள் அழுவது நியாயம். அவள் புருஷனை இன்னாரென்றுகூடத் தெரியாத சித்தி எதற்கு இப்படி அழுகிறாள் என்று நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.